ஆன்லைன் பிசினஸ் கோர்ஸுக்குக் காசு கட்டலாமா? ஒரு டாக்டரின் நீளமான த்ரெட்

1.
"சார், இந்தக் கோர்ஸ் நல்லதா? காசு கட்டலாமா?"

சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை பத்திக் கேட்க வர்றவங்க இப்போ கிளம்பும்போது இதையும் கேட்டுட்டுப் போறாங்க. டிராப்ஷிப்பிங், அஃபிலியேட் மார்க்கெட்டிங், இன்ஸ்டாகிராம்ல பொருள் விற்பது, அமேசான்ல செல்லர் ஆவது என்று எல்லாத்துக்கும் ஒரு கோர்ஸ் இருக்கு. இ-புக், ரெக்கார்டட் வீடியோ, வெபினார், மென்டர்ஷிப் என்று வடிவம் மட்டும் மாறும். விலை சில நூறு ரூபாயில ஆரம்பிச்சு லட்சம் வரைக்கும் போகுது.

நான் பிசினஸ் ஆள் கிடையாது. ஆனா "இதைக் காசு கொடுத்து வாங்குங்க, உங்களுக்கு நல்லது நடக்கும்"னு ஒருத்தர் சொன்னா, அந்தப் பேச்சை எப்படிச் சோதிச்சுப் பார்ப்பது என்பது என் தொழிலோட பாதி. அந்தக் கண்ணோடதான் இதை எழுதறேன். பொறுமையா படிங்க.

2.
முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். "எல்லாமே யூடியூப்ல ஃப்ரீயா இருக்கு, காசு கட்டறவன் ஏமாளி"ங்கிற கட்சியில நான் இல்லை.

நானே காசு கட்டறவன்தான். பிஜி என்ட்ரன்ஸுக்குப் படிச்சப்போ வீடியோ ஆப்புக்கும் டெஸ்ட் சீரீஸுக்கும் கட்டினேன். அதுல இருந்ததெல்லாம் டெக்ஸ்ட்புக்ல இருக்கிறதுதான். ஆனா 19 சப்ஜெக்ட்டை நைட் டியூட்டிக்கு நடுவுல படிக்கணும்னா, எது முக்கியம்னு யாராவது பிரிச்சுக் கொடுக்கணும். அதுக்குத்தான் அந்தக் காசு.

இன்னைக்கும் அப்டுடேட் என்கிற மருத்துவத் தகவல் சேவைக்குச் சந்தா கட்டறேன். சிறுநீரக மருத்துவர் பர்ட்டன் ரோஸ் 1992-ல ஆரம்பிச்சது அது. உலகம் முழுக்க டாக்டர்கள் அதைக் காசு கொடுத்துத்தான் படிக்கிறாங்க. ஆக, தகவலைக் காசு கொடுத்து வாங்குறது தப்பே இல்லை.

3.
ஆனா அந்தச் சந்தா எனக்கு ஏன் கட்டுபடியாகுதுன்னு யோசிச்சுப் பாருங்க.

ஒவ்வொரு கட்டுரையிலயும் எழுதினவங்க பேர் இருக்கும். மருந்துக் கம்பெனிகள்ட்ட காசு வாங்கியிருந்தா அதையும் சொல்லியிருப்பாங்க. சொல்ற விஷயத்துக்கு ஆதாரம் என்ன, அது எவ்வளவு உறுதியானதுன்னு இருக்கும். புது ஆய்வு வந்தா மாத்தி எழுதுவாங்க.

இன்னொண்ணு, நான் ஏற்கெனவே தினமும் நோயாளி பார்க்கிறவன். காலையில படிச்சா சாயங்காலம் உபயோகப்படும். முக்கியமா, "இதைப் படிச்சா மாசம் மூணு லட்சம் சம்பாதிக்கலாம்"னு அது எங்கயும் சொல்லலை.

இந்த அளவுகோலை ஞாபகத்துல வெச்சுக்கோங்க. திரும்ப வரும்.

4.
சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இருந்தாங்க. வீட்ல சத்துமாவு அரைச்சு விற்பாங்க. அரைக் கிலோ பாக்கெட் 250 ரூபா. வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போட்டு, ஆஸ்பத்திரி ஸ்டாஃப், தெருக்காரங்கன்னு மாசம் 25 பாக்கெட் போகும்.

ஒருநாள் ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் வந்து கேட்டாங்க. "சார், 99 ரூபா வெபினார் ஒண்ணு அட்டெண்ட் பண்ணேன். ரெண்டு மணி நேரம் சூப்பரா பேசினார். முழு கோர்ஸ் 24,999. இன்னைக்கு ராத்திரி 12 மணியோட ஆஃபர் முடியுதாம். பொண்ணு காலேஜ் ஃபீஸுக்குப் போட்டுட்டு வர்ற சீட்டு இருக்கு. தள்ளி எடுத்துக் கட்டிடலாமா?"

"ஜிஎஸ்டி சேர்த்தா, சிஸ்டர்?"

அது தனி. 18 சதவீதம். மொத்தம் 29,500 ரூபா வருது. அவங்க சம்பளத்துக்கு அது ஒண்ணரை மாசம்.

5.
இந்த 99 ரூபா விஷயத்தைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். 99 ரூபா அவங்களுக்கு வருமானமே கிடையாது. விளம்பரச் செலவுக்கே பத்தாது. காசு கொடுக்கத் தயாரா இருக்கிறவங்க யாருன்னு வடிகட்டி எடுக்கிற சல்லடை அது. ரெண்டு மணி நேரத்துல முக்கால்வாசி அவர் கதை, அவர் கார், மாணவர்களோட சாட்சியம். கடைசி அரை மணி நேரம் விலை. "மதிப்பு ஒன்றரை லட்சம், இன்னைக்கு மட்டும் 24,999." அது முடிஞ்சா "பிளாட்டினம் மென்டர்ஷிப்".

இது நம்ம ஊர் கண்டுபிடிப்பு இல்லை. மோப் என்று ஒரு நிறுவனம் இருந்தது. 49 டாலருக்கு "21 படிகள்"னு ஒரு ஆன்லைன் பிசினஸ் பயிற்சி. உள்ளே போனவங்களை ஆயிரக்கணக்கான டாலர் மெம்பர்ஷிப் ஒண்ணுக்கு மேல ஒண்ணா வாங்க வெச்சாங்க. 2018-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டது. மக்கள்ட்ட இருந்து போன தொகை 12.5 கோடி டாலருக்கு மேல் என்பது கமிஷன் வெச்ச குற்றச்சாட்டு. அதுல பலருக்குக் கத்துக்கொடுத்த "பிசினஸ்" என்ன தெரியுமா? அதே மெம்பர்ஷிப்பை அடுத்தவங்களுக்கு வித்து கமிஷன் வாங்குறது.

உங்க முன்னாடி இருக்கிற கோர்ஸ்லயும் இதைப் பாருங்க. "எங்க கோர்ஸையே நீங்க ரெஃபர் பண்ணி சம்பாதிக்கலாம்"னு இருந்தா, அதோட நிறுத்திக்கோங்க.

6.
சரி, சாட்சியங்களுக்கு வருவோம். இங்கதான் ஒரு டாக்டரா எனக்குக் கை துறுதுறுக்குது.

ஒரு மெடிக்கல் ரெப் வந்து, "டாக்டர், இந்த மாத்திரை சாப்பிட்டு 20 பேர் குணமாயிட்டாங்க, வீடியோ பாருங்க"ன்னா நான் கேட்கிற முதல் கேள்வி: "எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?" 25 பேர்ல 20-ன்னா அது அற்புதம். 20,000 பேர்ல 20-ன்னா அது மருந்தே இல்லை. மேல இருக்கிற எண்ணை மட்டும் காட்டி, கீழ இருக்கிற எண்ணை மறைச்சா அது கணக்காகாது.

ரெண்டாவது கேள்வி: "மாத்திரை கொடுக்கலைன்னாலும் சரியாகியிருக்குமா?" ஹெபடைடிஸ் ஏ மஞ்சள்காமாலை பெரும்பாலானவங்களுக்குத் தானாவே சரியாகிடும். அந்த வாரம் எந்த வேரை அரைச்சுக் கொடுத்தாங்களோ, பேர் அந்த வேருக்குப் போயிடும். அதேதான் இங்கயும். அப்பாவோட ஜவுளிக்கடை, கையில சரக்கு, கொஞ்சம் முதல் எல்லாம் இருந்த பையன் கோர்ஸ் படிச்சிட்டு ஆன்லைன்ல நல்லா விற்கிறான்னா, பெருமை கோர்ஸுக்கா கடைக்கா?

மூணாவது, அந்த ஸ்கிரீன்ஷாட். "30 நாள்ல 10 லட்சம்"னு காட்டுறது விற்பனைத் தொகை. லாபம் கிடையாது. சரக்கு விலை, விளம்பரச் செலவு, கூரியர், கேஷ் ஆன் டெலிவரியில வாங்காம திரும்பி வர்ற பார்சல் எல்லாம் கழிச்சு மீதி என்னங்கிறது அந்த ஸ்கிரீன்ஷாட்ல இருக்காது.

7.
"காசு கட்டினாத்தான் சார் படிக்கிறோம். ஃப்ரீயா கிடைச்சா யாரும் மதிக்கிறதில்லை." இதுவும் அடிக்கடி கேட்கிற வாதம். இதுல கொஞ்சம் உண்மை இருக்கு.

ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்தின எட்எக்ஸ் கோர்ஸ்களைப் பத்தி 2019-ல சயின்ஸ் இதழ்ல ஒரு கட்டுரை வந்தது. 2017-18-ல சேர்ந்த எல்லாரையும் கணக்கெடுத்தா முடிச்சவங்க 100-க்கு 3 பேர்தான். சர்டிஃபிகேட்டுக்காகக் காசு கட்டினவங்கள்ல 46 பேர் முடிச்சாங்க.

பார்த்தீங்களா, காசு கட்டினா வேலை செய்யுதுன்னு தோணும். ஆனா காசு கட்டினதால முடிச்சாங்களா, இல்லை எப்படியும் முடிக்கிற ஆளுங்கதான் காசு கட்டினாங்களா? மருத்துவ ஆய்வுகள்ல நாங்க தினமும் முட்டிக்கிற கேள்வி இது. இன்னொரு பக்கமும் பாருங்க. ஹார்வர்டுக்கே காசு கட்டியும் பாதிக்கு மேல முடிக்கலை. "காசு போட்டுட்டா எனக்கு ஒழுக்கம் வந்துடும்"னு நம்பி வாங்காதீங்க. ஜிம்முக்கு வருஷச் சந்தா கட்டின எல்லாருக்கும் இது தெரியும்.

8.
மறுபடி சிஸ்டர் கிட்ட வரேன். அன்னைக்கு டியூட்டி ரூம்ல உட்கார்ந்து நான் அவங்ககிட்ட கோர்ஸைப் பத்தி எதுவும் சொல்லலை. வியாதியைத்தான் விசாரிச்சேன்.

"மாசம் 25 பாக்கெட். இது ஏறாம எவ்வளவு நாளா நிக்குது?"

"ஏழெட்டு மாசமா, சார்."

"முதல்ல வாங்கினவங்க திரும்ப வாங்குறாங்களா?"

கொஞ்சம் தயங்கினாங்க. "சில பேர் நிறுத்திட்டாங்க, சார். ஒரு மாசத்துல சிக்கு வாடை வருதுன்னு ரெண்டு பேர் திருப்பியே கொடுத்துட்டாங்க."

வியாதி அதுதான். சத்துமாவுல வேர்க்கடலை, முந்திரி, பாதாம் எல்லாம் இருக்கு. கொட்டைகளோட எண்ணெய் காத்துப் பட்டா கெட்டுப்போகும். பொடியாக்கிட்டா இன்னும் சீக்கிரம். ஈரம் இருந்தா பூஞ்சையும் வரும். வேர்க்கடலையில வர்ற பூஞ்சை அஃப்லாடாக்சினை உண்டாக்கும், அது கல்லீரலுக்கு ஆகாது. இவங்க சாதாரண பாலித்தீன் கவர்ல போட்டு மெழுகுவத்தியில ஒட்டிக் கொடுத்துட்டு இருந்தாங்க.

24,999 ரூபா கோர்ஸ் எதைக் கத்துக்கொடுக்குது? ஃபேஸ்புக் விளம்பரம், ரீல்ஸ், "கஸ்டமர் சைக்காலஜி". சரியாவே கத்துக்கொடுத்திருந்தாலும் என்ன நடக்கும்? ஒரு மாசத்துல சிக்கு வாடை அடிக்கிற மாவு 25 பேருக்குப் பதிலா 250 பேருக்குப் போகும்.

நல்ல மருந்தையே தப்பான வியாதிக்குக் கொடுத்தா அதுக்குப் பேர் வைத்தியமா?

9.
அப்புறம் ஒரு கணக்குப் போட்டோம். பாக்கெட்டுக்கு அவங்களுக்கு நிக்கிறது 60 ரூபா. 29,500-ஐ 60-ஆல வகுத்தா 492 பாக்கெட். இப்போ விற்கிற வேகத்துல கிட்டத்தட்ட 20 மாசம். அதுவரைக்கும் அவங்க உழைக்கிறது முழுக்க கோர்ஸ் விற்றவருக்கு.

நீங்களும் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் போடுங்க. கோர்ஸ் விலையை, ஒரு பொருள்ல உங்களுக்கு நிக்கிற லாபத்தால வகுங்க. வகுக்கறதுக்கு எண்ணே இல்லை, இன்னும் ஒண்ணு கூட விற்கலைன்னா, கோர்ஸ் வாங்குற நேரம் இன்னும் வரலைன்னு அர்த்தம். முதல்ல பத்து பேருக்கு வித்துப் பாருங்க. அந்தப் பத்து பேர் சொல்ற குறையில உங்க சிலபஸ் இருக்கு.

10.
அவங்க என்ன செஞ்சாங்கன்னா, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல அறுவடை பின்சார் தொழில்நுட்ப மையம் இருக்கு. அங்க மதிப்புக்கூட்டல் பத்தி ரெண்டு நாள் பயிற்சி. அதுவும் ஓசி இல்லை, கட்டணம் உண்டு. 2,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. லீவு போட்டுட்டுப் போனாங்க.

கத்துக்கிட்டு வந்தது: தானியத்தோட ஈரப்பதம் எவ்வளவுக்குள்ள இருக்கணும், வறுத்ததை முழுசா ஆற வெச்சுத்தான் அரைக்கணும், எந்தக் கவர் காத்தை உள்ளே விடாது. கொட்டைகளை மாவோட அரைக்காம தனியா சின்ன பாக்கெட்டா வெச்சுக் கொடுக்கலாம்ங்கிற யோசனையும் அங்கதான் கிடைச்சுதாம். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எடுத்தாங்க. சேர்மானம், எடை, தயாரிச்ச தேதி, எத்தனை நாளுக்குள்ள சாப்பிடணும், பச்சைப் புள்ளி எல்லாம் வெச்சு லேபிள் அடிச்சாங்க. ஒரு சீலிங் மெஷின் வாங்கினாங்க.

அந்த வருஷக் கடைசியில மாசம் 60 பாக்கெட் போச்சு. கார் வாங்கலை. சீட்டுக் காசு பொண்ணோட ஃபீஸுக்கே போச்சு. திரும்பி வந்த பாக்கெட் ஒண்ணும் இல்லை.

இதுவும் காசு கொடுத்து வாங்கின தகவல்தான், கவனிங்க. என்ன வித்தியாசம்? வியாதி தெரிஞ்ச பிறகு வாங்கினது. சொல்லிக்கொடுத்தவங்க சம்பளம் அந்தப் பயிற்சி விற்பனையில ஓடலை. கத்துக்கிட்டதை அடுத்த நாளே அடுப்படியில செஞ்சு பார்க்க முடிஞ்சது.

11.
விளம்பரம் எப்படிப் போடறது, ஆன்லைன் கடை எப்படித் திறக்கறது மாதிரியான அடிப்படைகளுக்கு, அந்தத் தளத்தை நடத்துறவங்களே இலவசப் பாடம் வெச்சிருக்காங்க. கூகுளுக்கு ஸ்கில்ஷாப். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு மெட்டா புளூபிரிண்ட். அமேசான்ல விற்கணும்னா செல்லர் யுனிவர்சிட்டி. நீங்க அதுல விளம்பரம் கொடுத்தா, பொருள் விற்றா அவங்களுக்கு வருமானம், அதனால ஒழுங்காவே கத்துக்கொடுப்பாங்க. "எவ்வளவு செலவு பண்ணலாம்"னு மட்டும் அவங்ககிட்ட கேட்காதீங்க!

சென்னை கிண்டியில தமிழக அரசோட தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கு. டிஜிட்டல் மார்க்கெட்டிங், ஏற்றுமதி பத்தியெல்லாம் குறைஞ்ச கட்டணத்துல சில நாள் பயிற்சி அடிக்கடி நடத்துறாங்க. உத்யம் பதிவு முழுக்க இலவசம். அதைச் செஞ்சு கொடுக்கறதா சொல்லிக் காசு வாங்குற "பேக்கேஜ்" பக்கம் போகாதீங்க.

12.
அப்போ எப்போ வாங்கலாம்? என் பிரிஸ்கிரிப்ஷன் இது.

✅ தொழில் ஏற்கெனவே சின்னதாவாவது ஓடுது. எங்க மாட்டியிருக்கீங்கன்னு ஒரே வரியில சொல்ல முடியுது. "ஆன்லைன்ல சம்பாதிக்கணும்"ங்கிறது அந்த ஒரு வரி இல்லை. "பார்சல்ல பாதி திரும்பி வருது"ங்கிறதுதான் அந்த ஒரு வரி.

✅ அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லித்தர்ற சின்ன, குறிப்பான பாடம். 

✅ சொல்லித்தர்றவர் அந்தத் தொழில்ல இன்னைக்கும் இருக்கார். அவர் கடையோட பேர் சொல்றார், நீங்க போய்ப் பொருள் வாங்கிப் பார்க்க முடியுது.

✅ இலவசமா கிடைக்கிறதைத் தேடி எடுக்க உங்களுக்கு ஆகுற நேரத்தோட மதிப்பு, கோர்ஸ் விலையை விட அதிகம்.

✅ காசு மொத்தமா போனாலும் வீட்ல அடுப்பு எரியும்.

13.
எப்போ ஓடணும்?

❌ இன்னைக்கு ராத்திரி 12 மணி வரைக்கும்தான். (அந்தப் பக்கத்தையே வேற போன்ல திறந்து பாருங்க. கடிகாரம் பெரும்பாலும் முதல்ல இருந்து ஓடும்.)

❌ வருமானத்துக்கு உத்தரவாதம். உறுதியா குணமாகும்னு எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். எழுதித் தர்றவர்கிட்ட நீங்க வைத்தியம் பார்க்க மாட்டீங்க.

❌ "ரீஃபண்ட் உண்டு, ஆனா எல்லா அசைன்மென்ட்டும் முடிச்சு, 90 நாள் தினமும் செஞ்ச ஆதாரம் காட்டணும்."

❌ "காசு இல்லைன்னா பரவாயில்லை, இஎம்ஐ போட்டுத் தரோம்." கோர்ஸ் பாதியில நின்னாலும் கடன் நிக்காது.

❌ யோசிக்கணும்னு சொன்னா, "இதனாலதான் நீங்க இன்னும் சம்பளத்துல இருக்கீங்க"ன்னு குத்திப் பேசுறது.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. "விளம்பரம் மூலமா மாசம் 100 புது பேஷன்ட்"னு நமக்கே கோர்ஸ் விற்கிறாங்க. விளம்பரம் பண்ணி நோயாளிகளை இழுப்பது 2002-ம் வருஷத்து இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகள்படி ஒழுங்கீனம். கோர்ஸ் விற்கிறவருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் கிடையாது. போனா நம்மளுதுதான் போகும்.

14.
"சார், நான் ஏற்கெனவே கட்டிட்டேன்."

வெட்கப்படாதீங்க. நல்லாப் பேசத் தெரிஞ்சவங்க, உங்க பயத்தையும் ஆசையையும் நல்லாப் படிச்சவங்க. படிச்சவங்களும் கட்டறாங்க.

விளம்பரப் பக்கம், வாட்ஸப் பேச்சு, ரசீது எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. ரீஃபண்டை எழுத்துல கேளுங்க, போன்ல மட்டும் பேசாதீங்க. சொன்னதைத் தரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தப்பான விளம்பரத்துக்கு 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல அபராதம் உண்டு. காசை வாங்கிட்டு ஆளே காணாமப் போனா, அது சைபர் மோசடி. உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறீங்களோ அவ்வளவு நல்லது.

ஆட்டோபே போட்டிருந்தா யுபிஐ ஆப்ல போய் முதல்ல அதை நிறுத்துங்க. விட்ட காசை எடுக்கணும்னு அதுக்கு மேல "அட்வான்ஸ்டு கோர்ஸ்" மட்டும் வாங்கிடாதீங்க.

15.
கடைசியா ஒரு டெஸ்ட். கோர்ஸ் விற்கிறவருக்கு இந்த மூணு கேள்வியையும் வாட்ஸப்ல அப்படியே அனுப்புங்க:

அ) போன வருஷம் உங்க கோர்ஸ்ல சேர்ந்தவங்க எத்தனை பேர், முடிச்சவங்க எத்தனை பேர், ஒரு வருஷம் கழிச்சு செலவு போக லாபத்துல இருக்கிறவங்க எத்தனை பேர்?

ஆ) உங்க வருமானத்துல கோர்ஸ் விற்பனையில வர்றது எவ்வளவு, நீங்க கத்துக்கொடுக்கிற தொழில்ல வர்றது எவ்வளவு?

இ) ஆஃபர் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, யோசிச்சுட்டு வந்து சேர்ந்தா என்ன விலை?

நேர்மையான ஆளா இருந்தா மூணுக்கும் பதில் வரும். "அவ்வளவு டேட்டா என்கிட்ட இல்லை, ஆனா இதுதான் என் கடை, வந்து பாருங்க"ன்னு சொன்னாக்கூட அது நல்ல பதில்தான். பதிலுக்குப் பதில் இன்னும் நாலு சாட்சிய வீடியோ வந்தா, உங்க காசு உங்க பையிலேயே இருக்கட்டும்.

உங்க வீட்ல, வேலை பார்க்கிற இடத்துல யாராவது இன்னைக்கு ராத்திரி 12 மணி ஆஃபருக்காக யோசிச்சுட்டு இருப்பாங்க. அவங்களுக்கு இதை ஃபார்வர்டு பண்ணுங்க.